கத்தியோடு வந்தவன் எங்கள் ஊழியர் இல்லையாம்

பயத்தில் இல்லை, கோபத்தில் எழுதுகிறேன்.

சுவிஸில், வின்டர்தூர் நகரில் ஒரு பெற்றோல் செட் கடையில் வேலை செய்கிறேன். பின்னேரங்களில் தனி ஆள்தான். போன கிழமை ஒருவன் கத்தியோடு வந்தான். கல்லாவைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றேன். காசை எடுத்தவன் போகவில்லை. என் கையைப் பிடித்து உள்ளறைப் பக்கம் இழுத்தான். ஜாக்கெட் பையில் இருந்த மிளகு ஸ்ப்ரேயை அவன் முகத்தில் அடித்தேன். ஓடிவிட்டான்.

இன்று செஃப், அதாவது கடை மேலாளர், கூப்பிட்டார். நலம் விசாரிக்கத்தான் என்று நினைத்துப் போனேன். எச்சரிக்கை தந்தார்.

"வேலையிடத்துக்கு ஆயுதம் கொண்டுவரக் கூடாது."

"அவன் கத்தி கொண்டுவந்தானே?"

"அவன் எங்கள் ஊழியர் இல்லையே."

பகிடிக்குச் சொல்லவில்லை. இன்னொரு ஆள் கேட்டேன். வசதி இல்லையாம். அபாய மணி கேட்டேன். யோசிக்கிறார்களாம்.

வெளியே வந்ததும், மற்ற நாட்களில் பின்னேர வேலைக்கு நிற்கும் ராசன் அண்ணை மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, வேலை போயிடும். அந்த ஸ்ப்ரேயை வீட்டில வைச்சிட்டு வாங்கோவன்."

"வீட்டில என்னை ஆரும் இழுக்கேல்லை அண்ணை. இஞ்சதான் இழுத்தவன்."

அவர் செஃபின் அறைப் பக்கம் திரும்பினார். பிறகு, "வாங்கோ, ரெண்டு பேருமாப் போய்க் கதைப்பம்" என்றார்.

திரும்பிப் போனோம். தனியாக நிற்க வைத்தால் இருவருமே பின்னேர வேலைக்கு வரமாட்டோம் என்றோம். செஃப் முகம் சிவந்தது. ஆனால் இன்றிலிருந்து இரண்டு பேரைப் போட்டிருக்கிறார்.

எச்சரிக்கையை மட்டும் திரும்பப் பெறமாட்டாராம். கத்திக்காரனைப் பார்த்துக்கொள்வது பொலிசின் வேலையாம்.

பொலிஸ் வரும்வரை அவனோடு நான் காலநிலை பற்றிக் கதைப்பதா? உங்கள் செஃப்மார் என்ன சொல்கிறார்கள், எழுதுங்கள்.