லில்லிக்குக் கீழே ஒரு நத்தை

உளியை எடுப்பதற்கு முன்பு யோப்ஸ்ட் வலக்கையில் இரண்டு விரலை நீட்டி, ஆசீர்வதிப்பது போல உயர்த்துவான். சன்னலில் தொங்கும் உள்ளங்கையளவுக் கண்ணாடியில் அதைப் பார்ப்பான். பிறகு தாமிரத் தகட்டையும் அதே கண்ணாடிக்குக் காட்டுவான். தகட்டில் வெட்டுவது தாளில் இடம்வலமாக மாறித்தானே விழும்.

"என்னண்ணே, இன்னிக்கும் பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று பட்டறையில் கேலி செய்வார்கள்.

"ஆண்டவரு நொட்டாங்கையால ஆசீர்வதிச்சா உங்கப்பனா வந்து பதில் சொல்லுவான்?"

நியூரம்பெர்க்கில் ஃபைட் முதலாளியின் பட்டறை. நான் அங்கே அச்சு இழுப்பவன். யோப்ஸ்ட் பதினோரு வருடம் வெட்டிய தகடுகளில் ஒன்றில்கூட அவன் பெயரின் எழுத்து கிடையாது. மூலையில் முதலாளியின் முத்திரைதான். உலக முடிவில் ஆண்டவர் வழங்கும் கடைசித் தீர்ப்பின் படத்தைக் கொடுக்கும்போதுதான், "இதுல உன் எழுத்தையே போட்டுக்கய்யா" என்றார்.

ஏழு மாதம் வெட்டினான். ஆண்டவரின் முகத்துக்கு வலப்பக்கம் இரக்கத்தின் லில்லிப் பூ, இடப்பக்கம் தண்டனையின் வாள். வலப்பக்கம் மீட்கப்பட்டவர்கள் எழுந்திருக்க, இடப்பக்கம் நரகம் வாயைத் திறந்து கிடந்தது. ஈட்டி குத்திய விலாக்காயம்கூட வலப்புறம். மயிரிழை பிசகவில்லை. கடைசி நாள், சந்தோஷத்தில் கண்ணாடியை மறந்து, லில்லிக்கு நேர் கீழே புல்தரையில் தன் பெயரின் இரண்டு எழுத்தை வெட்டினான்.

மறுநாள் மை தடவும்போதே பார்த்தேன். தகட்டில் எழுத்து நேராக வாசிக்க வந்தது. அப்படியென்றால் தாளில் திரும்பி நிற்கும். பக்கத்தில் முதலாளி. தாளை வைத்து அச்சை இழுத்தேன்.

தாளைப் பார்த்த முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆண்டவருக்கு இடம் வலம் எல்லாம் சரியா இருக்கு. ஒனக்குத்தான்யா தெரியல."

"ரெண்டு நாள் குடுங்கய்யா. சுரண்டிட்டு மறுபடி வெட்டிர்றேன்."

"ஃபிராங்க்ஃபர்ட் சந்தைக்கு வண்டி நாளைக்குக் கெளம்புது. அச்சடிக்கத் தாள நனைச்சாச்சு. மேல எதையாச்சும் வெட்டி மூடு."

"எதைய்யா வெட்டுறது?"

"புல்லு, பூச்சி, நத்தை, எதையோ வெட்டுய்யா! பாக்கறவன் லில்லியப் பாப்பானா, அதப் பாப்பானா?"

யோப்ஸ்ட் நத்தை வெட்டினான். ஓட்டின் சுழிக்குள் இரண்டு எழுத்தும் முழுகிப்போயின. அப்போதும் அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. நத்தைக்கு இடமென்ன, வலமென்ன.

அதற்குப் பிறகு எந்தத் தகட்டிலும் அவன் எழுத்துக்கு முதலாளி இடம் கொடுக்கவில்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினான்.

"மை தடவுறப்ப நீ பாத்திருப்பேல்ல? வாயத் தொறந்திருக்கலாம்டா."

நான் விரலிடுக்கில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அவன் காய்ச்சலில் செத்துப்போய் இரண்டு வருடம் கழித்து, பாம்பெர்க்கிலிருந்து வந்த தாள் வியாபாரி ஒருவர் சொல்லித்தான் தெரியும். அங்கே பங்குச் சாமியார் அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிரசங்கம் வைத்தாராம். லில்லிக்கு ஒரு வாக்கியம், வாளுக்கு ஒரு வாக்கியம். நத்தைக்கு அரை மணி நேரம். ஓட்டுக்குள் அடைந்து கிடப்பது, கல்லறையில் தன் பெயர் கூப்பிடப்படக் காத்திருக்கும் ஆன்மாவாம்.