புகார் எதுவும் இல்லை, ஐயா

தையல்காரர் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள், தன் அறைக் கதவுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றார். கதவு பூட்டியிருக்கவில்லை. சும்மா சாத்தியிருந்தது. கையை வைத்தால் திறந்துகொள்ளும். அவர் கையை வைக்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, யாராவது வந்து திறந்துவிடுவார்கள் என்று நின்றுகொண்டே இருந்தார். அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோதுதான் பார்த்தேன்.

"என்ன தம்பி, அது கதவா மாமியாரா? அதுவா வாயைத் திறக்கட்டும்னு நிக்கிறே?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "திறக்கலாமாங்க?" என்று கேட்டார்.

"உன் ரூமு. திற, சாத்து, உடைச்சுத் தொலை. யாரு கேக்கப்போறா?"

உடை என்று சொல்லியிருக்கக் கூடாது. மனுஷன் முகம் சுருங்கிப் போனது. ஒரு கடையின் கண்ணாடியை உடைத்ததற்குத்தான் அவர் சிறைக்குப் போனார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நல்ல கைக்காரர். ஒரு தடவை அளவெடுத்தால் மறுபடி ஊசி வைக்க வேண்டியதில்லை என்று பேர் வாங்கியவர். முப்பத்தைந்து வயதுக்கு மேல் காதில் குரல் கேட்க ஆரம்பித்திருக்கிறது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், வெளியே வர முடியாமல் அழுதார்கள் என்று உடைத்தார். கடைக்காரருக்கு ஒரு கண் போய்விட்டது. ஆறு வருஷம். உள்ளே அவருக்குக் கொடுத்த வேலை, கைதிகளுக்குச் சட்டை தைப்பது. பை இல்லாத சட்டை. ஆறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தைத்தாரோ. மருந்தும் உள்ளேதான் கிடைத்தது. குரல் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தது.

விடுதலையான அன்று அவருடைய அக்கா சிறை வாசல்வரை வந்தாளாம். ஒரு பையில் மாற்றுத்துணி கொடுத்துவிட்டு, "வீட்டுல வயசுப்பொண்ணு இருக்கா, தம்பி. நீயே புரிஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எல்லாரும் புரிந்துகொள்ளச் சொல்வது அவரைத்தான் என்பதுதான் என் கோபம்.

எங்கள் வீட்டில் ஆறு அறை, ஆறு பேர். எல்லாரும் தண்டனை முடிந்தவர்கள், மனம் சரியில்லாதவர்கள், போக இடமில்லாதவர்கள். வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு நர்ஸ் வருவாள். பொறுப்பாளர் என்று ஒரு சின்னப் பெண். அப்புறம் நான். காகிதத்தில் என் வேலை சமையல். உண்மையில் என் வேலை கதவைத் தட்டுவது. காலையில் தட்டி எழுப்ப வேண்டும். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, அது தொண்டைக்குள் இறங்கும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவரைக் குளி என்று சொல்ல வேண்டும், இன்னொருவரைக் குளித்தது போதும் என்று சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் காகிதத்தில் இடம் இல்லை. எழுதச் சொல்லிக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

தையல்காரர் தன் கதவைத் தானே திறக்க நாலு மாதம் ஆனது. உள்ளே போய்த் தானே சாத்திக்கொள்ள இன்னும் இரண்டு மாதம். அப்படிச் சாத்திய அன்று பொறுப்பாளர் அந்த அறையின் சாவியை அவர் கையில் கொடுத்தாள். அன்றைக்கே அவர் தன் சட்டைக்கு ஒரு பை தைத்தார், சாவி வைக்க. பிறகு கை நிற்கவில்லை. என் சமையல் மேலங்கிக்கு இரண்டு பை. நர்ஸின் கோட்டுக்கு உள்பை. தலையணை உறைக்கெல்லாம் பை.

"தலையணைக்கு எதுக்குய்யா பை? கனவை மடிச்சு வைக்கவா?" என்றேன்.

"இருக்கட்டும்மா. வேணும்போது இல்லாமப் போயிடக் கூடாதில்ல" என்றார். அன்றுதான் அவர் பல்லை நான் முதலில் பார்த்தேன்.

அந்த வீட்டுக்கு வாடகையும் எங்களுக்குச் சம்பளமும் அரசாங்கம் கொடுத்த நிதியில் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ஒருவர் வந்து பார்த்து எழுதினால்தான் அடுத்த வருஷத்துக்கு உண்டு. அந்த வருஷம் புது அதிகாரி. அவர் வருவதற்கு முந்தின நாள் மதியம் சாப்பாடு போடும்போது ஆறு பேரிடமும் நான்தான் சொன்னேன்: "நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றாரு. நல்லா நடந்துக்கங்க, என்ன? அவரு கையிலதான் இந்த வீடே இருக்கு."

அவ்வளவுதான் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை நான் தட்டுவதற்கு முன்னாலேயே ஆறு கதவும் திறந்திருந்தன. ஆறு படுக்கையும் சுருக்கமில்லாமல் இழுத்து விரித்திருந்தன. கால்மாட்டில் நாலாக மடித்த போர்வை, அதன்மேல் கவிழ்த்து வைத்த குவளை. ஒவ்வொரு கட்டிலின் பக்கத்திலும் ஒவ்வொருவர், கைகளைத் தொடையோடு ஒட்டி, கண்ணைச் சுவரில் வைத்து நின்றார்கள். தையல்காரரின் போர்வைமேல் அவருடைய அறைச் சாவி இருந்தது. சட்டையைப் பார்த்தேன். பையைப் பிரித்து எடுத்திருந்தார். நூல் போன தடம் மட்டும் சதுரமாகத் தெரிந்தது.

பார்த்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இங்கே மறைத்தால் நான் சொல்வதெல்லாம் பொய். என் பிள்ளைகள் எத்தனை ஒழுங்காக நிற்கிறார்கள் பார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன், முட்டாள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. ஒவ்வொரு அறையாகப் போய் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏதாவது புகார் இருக்கா?"

"புகார் எதுவும் இல்லை, ஐயா."

"உதவி ஏதும் வேணுமா?"

"வேண்டாங்க, ஐயா."

"மருந்தெல்லாம் எப்படி?"

"நானே போட்டுக்கிறேங்க, ஐயா."

ஆறு வாய், ஒரே பதில். உள்ளே இருந்தபோது இந்தக் கேள்விகளுக்கு வேறு பதில் சொன்னவர்கள் என்ன பட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அதிகாரிக்குத் தெரியாது. கடைசியில் என்னிடம் வந்தார். "அம்மா, இவங்களால உங்களுக்குச் சிரமம் ஏதும் உண்டா?"

"சிரமமா? தங்கமான பிள்ளைங்க சார்! சொல்றதுக்கு முன்னாடி செஞ்சு முடிச்சிடுவாங்க" என்றேன்.

பொறுப்பாளர் என் முழங்கையைக் கிள்ளினாள். இன்னும் சொல் என்கிறாளாக்கும் என்று நினைத்து, நான் இன்னும் சொன்னேன்.

ஒன்றரை மாதம் கழித்துக் காகிதம் வந்தது. பொறுப்பாளர் படித்துக் காட்டினாள். இங்கே தங்கியிருப்பவர்கள் நன்றாகத் தேறிவிட்டார்கள். தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்கிறார்கள். எனவே இந்த வீட்டுக்கான நிதி தொடர வேண்டியதில்லை. அந்தத் தொகை, சிறைக்குள் கட்டும் புதிய மனநலப் பிரிவுக்குப் போகும்.

"கடைசி வரியை மறுபடி படி" என்றேன். படித்தாள். மாறவில்லை.

நான் விடவில்லை. அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய் மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"நல்லா இருக்காங்கன்னுதானேம்மா எழுதினேன்? நல்லா இருக்கறது தப்பா?"

"நல்லா இருக்காங்க சார். எதனால நல்லா இருக்காங்க? தினமும் நான் கதவைத் தட்டுறதால. நாளைக்கு யாரு தட்டுவா, நீங்களா?"

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. நான் கேட்டேனே."

கேட்டார்தான். "இன்னொரு தடவை வாங்க சார், சொல்லாம வாங்க" என்றேன். அடுத்த வருஷம் விண்ணப்பம் போடச் சொன்னார். அடுத்த வருஷம்வரை ஆறு பேரை எந்த அலமாரியில் அடுக்கி வைப்பது என்று அவர் சொல்லவில்லை.

வீட்டைக் காலி செய்த அன்று ஐந்து சாவிதான் திரும்பி வந்தன. ஆறாவதைக் கேட்டபோது தையல்காரர், "இருக்கு" என்று மட்டும் சொன்னார். பொறுப்பாளர் மறுபடி கேட்கவில்லை. நல்ல பெண்.

அவருக்கு ஒரு தங்கும் விடுதியில் இடம் பிடித்துக் கொடுத்தோம். இருபது பேர் படுக்கும் கூடம். நான் வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். முதல் வாரம் மாத்திரை பாதிதான் குறைந்திருந்தது. அடுத்த வாரம் குறையவே இல்லை. "தட்ட மறந்துட்டாங்கம்மா" என்றார். அங்கே தட்டுவதற்குக் கதவே கிடையாது. அதற்கடுத்த வாரம் ஆளையே காணோம்.

சிறை வாசலுக்குப் போயிருக்கிறார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பெரிய கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறார். காவலர் விரட்டிவிட்டார். மறுநாளும் நின்றார், மறுநாளும் விரட்டினார்கள். மூன்றாம் நாள் நல்ல வெயிலில், எல்லாரும் பார்க்க, ஒரு கல்லை எடுத்துக் காவலர் அறைக் கண்ணாடியில் எறிந்தார். கதவு திறந்தது. குரல் சொல்லி எறிந்தாரா, தானாக எறிந்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள்.

பார்க்கப் போனேன். புதிய பிரிவில்தான் வைத்திருக்கிறார்கள். சுவரில் பெயிண்ட் இன்னும் மணக்கிறது. எங்கள் வீட்டுப் பணம் அது என்று சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பை இல்லாத சட்டையில் அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"எப்படிப்பா இருக்கே? ஏதாவது வேணுமா?"

பக்கத்தில் நின்ற காவலரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டார்.

"புகார் எதுவும் இல்லைங்க" என்றார். என்னிடம்.

வெளியே வரும்போது வாசல் மேசையில் இருந்த காவலரிடம் அவருடைய சாமான்களைப் பற்றிக் கேட்டேன். பதிவேட்டைப் புரட்டிப் படித்தான்: "சட்டை ஒண்ணு. கால்சட்டை ஒண்ணு. சாவி ஒண்ணு. இது எதோட சாவிம்மா?"

"அவன் வீட்டுச் சாவி. அப்படியே எழுதுப்பா."

"சாவி ஒண்ணுன்னு போட்டிருக்கே, போதும்மா."

"போதாது. வீட்டுச் சாவின்னு எழுது. எழுதினாத்தான் நகருவேன்."

எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. அவன் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்து, அந்த வரியில் எதையோ எழுதினான். எழுதியதை என் பக்கம் திருப்பியும் காட்டினான். அது என்ன என்று எனக்குத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியாது.