லிட்கமில் பிறந்த பிரெஞ்சு எம்.பி.

அன்செல்ம் துர்பிஞோன் என்ற பிரெஞ்சுப் பாராளுமன்ற உறுப்பினர் எழுபத்து மூன்றாம் ஆண்டில், சிட்னியின் புறநகரான லிட்கமில், கதிர்காமநாதனின் குசினிச் சாப்பாட்டு மேசையில் பிறந்தார். பிறக்கும்போதே அவருக்கு ஐம்பது வயது. மீசையும் இருந்தது.

கதிர்காமநாதன் ரயில்வேயில் பாலங்களுக்குப் படம் கீறுகிறவர். சாதுவான மனிதர். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டது ஒன்றேயொன்றுதான்: சனிக்கிழமை பின்னேரம் சீட்டாட்டம். விட்டுவந்த ஊரில் ஆடிய முந்நூற்றிநாலு என்ற ஆட்டம். அதற்கு நாலு கை வேண்டும். அந்த ஆட்டம் தெரிந்தவர்கள் லிட்கம் முழுக்கத் தேடினாலும் நாலே பேர்: அவர், மனைவி இரஞ்சிதம், கணக்காளர் சிவபாலன், மருந்துக்கடையில் வேலை பார்த்த மகேந்திரராஜா. ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் ஆட்டமே இல்லை.

கோபத்துக்கோ பஞ்சமில்லை. சிவபாலனுக்கு ஊரில் ஒரு கட்சி, மகேந்திரராஜாவுக்கு மற்றக் கட்சி. ஒருமுறை இருவரும் முறுகிக்கொண்டு போய், கதிர்காமநாதனும் இரஞ்சிதமும் மாதக்கணக்கில் எதிரெதிரே இருந்து கழுதை என்ற சிறுபிள்ளைச் சீட்டு விளையாடும்படி ஆகிவிட்டது. சமாதானம் வந்ததும் இரஞ்சிதம் சட்டம் போட்டாள்: இனி இந்த வீட்டில் ஊர் அரசியல் கதைக்கப்படாது.

கதைக்கவில்லைதான். ஆனால் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் போல இருவரும் கதிரையில் குந்தியிருந்தார்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் கதிர்காமநாதன் வாயில் வந்ததைச் சொன்னார்.

"பிரான்சிலை துர்பிஞோன் எண்டொரு எம்.பி. வெளிக்கிட்டிருக்கிறானாம். கேள்விப்பட்டனீங்களோ?"

தெரியாது என்று சொல்ல இருவருக்கும் மானம் இடம் கொடுக்கவில்லை.

"தெரியாமலென்ன," என்றார் சிவபாலன். "பெரிய கள்ளனெல்லோ."

மகேந்திரராஜா சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "ஆரைக் கள்ளன் எண்டுறீர், ஐசே? ஏழையளுக்காக நிண்ட மனிசன்."

அன்றைய ஆட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. பிறகு வாராவாரம் எம்.பி.யை வளர்ப்பது கதிர்காமநாதனின் பொறுப்பு. துர்பிஞோன் இளவயதிலேயே நகரபிதாவாக இருந்தவராம். பேக்கரிப் பாணின் நீளம் ஒரு முழத்துக்குக் குறையக்கூடாது என்று சபையில் முழங்கினார். மத்தியானத்தில் தபாற்கந்தோர்களைப் பூட்டி எல்லாரும் நித்திரை கொள்ள வேண்டும் என்றார். தாரா வாத்துகள் ஆற்றைக் கடக்கத் தனிப் பாலம் கேட்டார். தாரா நீந்துமே என்று சிவபாலன் மடக்கியபோது, விருப்பமில்லாத தாராவை நீந்தச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று மகேந்திரராஜா மேசையில் அடித்தார்.

பிரான்ஸ் பசிபிக்கில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த காலம் அது. இங்கே தொழிற்சங்கங்கள் பிரான்சுத் தபாலைத் தொடமாட்டோம் என்று நின்றன. பொய்யைச் சரிபார்க்க வழியில்லாததில் கதிர்காமநாதனுக்குப் பரம சந்தோஷம். குண்டைப் பற்றி உங்கள் எம்.பி. என்ன சொல்கிறான் என்று சிவபாலன் கேட்டதற்கு, வெடிக்கலாம், சத்தம் கேட்கக்கூடாது என்கிறான் என்றார். அந்த ஒரு கொள்கையே மூன்று சனிக்கிழமை வாக்குவாதத்துக்குக் காணுமாயிருந்தது.

ஆசை மீறி ஒருநாள் துர்பிஞோனைப் பதவி விலகச் செய்து, இடைத்தேர்தலும் வைத்துவிட்டார். அங்கேதான் பிசகியது. துர்பிஞோன் வென்றால் இந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்று சிவபாலன் சத்தியம் பண்ணினார். தோற்றால் நான் மிதிக்கமாட்டேன் என்று மகேந்திரராஜாவும் பண்ணினார்.

கிழமை முழுக்கக் கதிர்காமநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. வென்றாலும் ஒரு கை போகிறது, தோற்றாலும் ஒரு கை போகிறது. கந்தோரில் பெரிய பாலமொன்றின் படத்தில் தன்னையறியாமல் தாரா கீறி, மேலதிகாரியிடம் பேச்சும் வாங்கினார். இரஞ்சிதத்திடம் யோசனை கேட்டார்.

"பெத்தது நீங்கள். நீங்களே பாருங்கோ," என்றாள் அவள்.

சனிக்கிழமை வந்தது. இருவரும் கோட்டைக் கழற்றாமலே இருந்தார்கள்.

"துர்பிஞோன் வெண்டிட்டான்," என்றார் கதிர்காமநாதன்.

சிவபாலன் எழும்பினார்.

"வெண்ட கையோடை மற்றக் கட்சிக்குத் தாவிட்டான்."

சிவபாலன் நின்றபடியே நின்றார். மகேந்திரராஜாவின் முகம் பழைய புளிபோலக் கறுத்தது.

"அப்ப வெண்டது உம்மடை ஆக்கள்," என்றார் சிவபாலனிடம். "நீரே வைச்சுக்கொள்ளும்."

"எனக்கென்னத்துக்கு அந்தச் சனியன்? உம்மடை ஆள். நீர்தான் வெண்டனீர்."

"நான் வெல்லேல்லை."

"நானும் வெல்லேல்லை."

வெற்றியை ஏற்க ஆளில்லாததால் ஒருவரும் வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கவில்லை. கோட்டைக் கழற்றினார்கள். கட்சி மாறியவனை எப்படியெல்லாம் திட்டலாம் என்பதில் வாழ்நாளில் முதல்முறையாக ஒத்துப் போனார்கள். ஒருவர் விட்ட வசையை மற்றவர் எடுத்து முடித்தார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கதிர்காமநாதன் பக்கம் திரும்பினார்கள்.

"உப்பிடியொரு தாவல்காரனை ஏன் காணும் இந்த வீட்டுக்கை கொண்டந்தனீர்?" என்றார் சிவபாலன்.

"மனிசரைத் தெரிஞ்செடுக்கத் தெரியாது இவருக்கு," என்றார் மகேந்திரராஜா. "வாற கிழமையும் வந்து கேக்கத்தான் போறம்."

"வாங்கோ, வந்து கேளுங்கோ," என்று கதிர்காமநாதன் சீட்டைக் குலுக்கினார். அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. நாலு பேருக்கும் பிரித்துப் போட்டபோது ஒரு சீட்டு நிலத்தில் விழுந்தது. அதற்கும் துர்பிஞோனைத்தான் திட்டினார்கள்.