மாமா திறந்துவிட்ட அருவி

அந்த வருஷம் ஆடி பிறந்தும் குற்றாலத்தில் தண்ணீர் விழவில்லை. காற்று மட்டும் தவறாமல் வந்தது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் அடுக்கி வைத்திருந்த கடைக்காரர்கள் வேலையில்லாமல் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெயினருவியில் யாரோ ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் போனதுபோல ஒரு ஈரக்கோடு இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

அருவியில் குளிப்பதற்கென்றே அந்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார்.

பெரியப்பா, அப்பாவின் அண்ணன். போலீசிலிருந்து ஓய்வு பெற்றவர். தேரோட்டக் கூட்டத்தை மைக் இல்லாமலே ஒதுக்கிவிடுவாராம். அவர் போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்குப் போன் தேவையில்லை என்று அப்பா சொல்வார். அவர் வாயைத் திறந்தாலே பெரியம்மா, “மெதுவா பேசுங்களேன், ஊருக்கே கேக்குது” என்பாள். அந்த முறை வந்தபோது குரலில் அரத்தால் தேய்த்ததுபோல ஒரு கரகரப்பு இருந்தது. மறுவாரம் மதுரையில் தொண்டையில் ஆபரேஷன், அதற்கப்புறம் தலையோடு தண்ணீர் விட்டுக் குளிக்கக் கூடாது என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். எனக்கு அப்போது எட்டு வயது. காய்ச்சல் வந்தால் நாலு நாள் குளிக்க விடமாட்டார்களே, அந்த மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். தொண்டையைப் போட்டு இப்படிக் கத்தினால் புண்ணாகத்தான் செய்யும் என்றும் நினைத்தேன்.

காலையிலேயே பெரியம்மா அவருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். மாமா கார் ஓட்ட, அப்பா, அம்மா, பெரியம்மா, நான் என்று எல்லோருமாக மெயினருவி, ஐந்தருவி, பழைய அருவி என எல்லா இடத்துக்கும் போனோம். ஒவ்வொரு இடத்திலும் பெரியப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எண்ணெய் மினுமினுக்க, காய்ந்த பாறையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து காரில் ஏறினார். பழைய அருவியில் மட்டும் ஏறாமல் நின்றார்.

“எண்ணெய தேச்சிட்டு வீட்டுல பக்கெட்டுல குளிக்கவாவே இவ்வளவு தூரம் வந்தேன்?” என்று மாமாவிடம் கேட்டார். மாமாதான் மழையை நிறுத்தி வைத்தவர் என்பதுபோல இருந்தது அந்தக் கேள்வி.

மாமா அம்மாவின் தம்பி. சுந்தரபாண்டியபுரம் போகிற ரோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். அங்கே தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ச்சி செய்கிற கூடம் ஒன்றை நடத்திவந்தார். எந்தக் கல்யாண வீட்டிலும் பெரியப்பாவின் வாய்க்கு அவர்தான் அவல். “தண்ணி மேல இருந்து கீழ ஓடுது. இதக் கண்டுபிடிக்கதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு பட்டம்” என்று பந்தியில் உட்கார்ந்து சொல்வார். பந்தி முழுக்கச் சிரிக்கும். மாமாவும் சிரிப்பார். ஆனால் அடுத்த பந்தியில்தான் உட்காருவார்.

அன்றைக்குப் பழைய அருவியில் மாமா சாவியை விரலில் சுழற்றியபடி சற்று நேரம் நின்றார். பிறகு, “அத்தான், காலேஜுக்குப் போவோமா?” என்றார். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

அந்தக் கூடத்துக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. தகரக் கூரையில் இடையிடையே கண்ணாடித் தகடுகள் பதித்திருந்தார்கள். அவற்றின் வழியே வெயில் இறங்கி, தண்ணீரில் பட்டு, சுவரெல்லாம் நெளிந்தது. உள்ளே நுழைந்ததும் நாங்கள் ஏதோ குளத்தின் அடியில் நடக்கிறோம் என்று தோன்றியது. கூடத்தின் நீளத்துக்கு ஒரு கண்ணாடி வாய்க்கால். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழிகள் ஒன்றையொன்று முந்தாமல் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு மெல்லிய குழாயில் தண்ணீருக்கு நடுவே சிவப்பு நூல் ஒன்று இழுத்துக் கட்டியதுபோல நின்றது. “நூல் இல்லட்டி, சாயம்” என்றார் மாமா. ஒரு வால்வை லேசாகத் திருகினார். நூல் நடுங்கியது, வளைந்தது, திடீரென்று புகையாகிக் காணாமல் போனது. திருப்பி மூடினார். எங்கிருந்தோ நூல் மறுபடி வந்து நின்றது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பெரியப்பாவும் அப்படித்தான் நின்றார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

மூலையில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றில் மத்து மாதிரி ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. ஒரு பால் தொழிற்சாலைக்காகச் செய்கிற சோதனை அது. பல நாளாக இரவும் பகலும் நிற்காமல் ஓடுகிறது என்று அங்கே காவலிருந்த ஆராய்ச்சி மாணவி, ஒரு அக்கா, சொன்னாள். எல்லாவற்றுக்கும் தண்ணீர் தருவது சுவரை ஒட்டி உயரத்தில் இருந்த ஒரே தொட்டி; ஓடி முடிந்த தண்ணீர் தரைக்கடியில் இருக்கும் கீழ்த்தொட்டிக்குப் போய் மறுபடி மேலே ஏறும். மேலே அந்தத் தொட்டியில் தண்ணீர் மட்டம் ஒரு விரல்கூட ஏறவோ இறங்கவோ கூடாதாம்.

மாமா மேல்தொட்டியைக் காட்டி, “எல்லா மோட்டாரையும் போட்டு, அதப் பொங்க விடணும்” என்றார்.

அக்கா அவரையே பார்த்தாள். “ஸார், இத்தன நாள் ஓட்டின ரன் போயிருமே.”

“போகட்டும்மா. மறுபடி ஓட்டிக்கிடலாம்.”

“எண்ணெய் வேற தேச்சிருக்காங்க ஸார். அது கீழ்த்தொட்டியில இறங்கிச்சுன்னா...”

“இறங்கட்டும்.”

 அக்கா போய் அந்த மத்தை நிறுத்தினாள். ரன் என்றதும் எனக்குக் கிரிக்கெட் ஞாபகம்தான் வந்தது.

மோட்டார்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. தரை அதிர்ந்தது. மேல்தொட்டியின் விளிம்பில் ஒரு கோடு மின்னியது. அது அகன்று, வழிந்து, ஒரு சேலையைப் பிரித்துத் தொங்கவிட்டதுபோல அப்படியே இறங்கியது. பெரியப்பா வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு கீழே போய் நின்றார்.

“என்னவே இது, ஷவர் மாதிரி விழுது. அருவின்னா அடிக்கணும்லா.”

மாமா ஏணியில் ஏறினார். அக்கா கீழிருந்து செங்கல்லாக எடுத்துக் கொடுத்தாள். விளிம்பில் ஒரு செங்கல்லை வைத்தார். தண்ணீர் இரண்டாகப் பிளந்து தடுமாறியது. இன்னொன்றைக் கோணலாக வைத்தார்.

“இப்ப?”

“இது ஐந்தருவி. பொம்பளையாளுக பக்கம்.”

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டையெல்லாம் நனைய, செங்கல்லை நகர்த்துவதும் கேட்பதுமாக இருந்தார். நகர்த்த நகர்த்தத் தண்ணீரின் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. சலசலப்பு தடதடப்பானது. பிறகு கனமாக, விட்டுவிட்டு, முதுகில் கையால் அறைகிறதுபோல விழ ஆரம்பித்தது. பெரியப்பா கேள்விக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, குனிந்து, தலையைக் கொடுத்து நின்றார். எண்ணெய் வழிந்து தரையில் வானவில்லாக ஓடியது. சாரல் எங்கள் முகமெல்லாம் தெறித்தது. கூரை வெயிலில் அவர் தலையைச் சுற்றிப் புகை எழுவதுபோல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, “மாப்ளே, இதாம்வே மெயினருவி” என்றார். மாமா ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மாமா எங்களோடு வீட்டுக்கு வரவில்லை. கூடத்துத் தண்ணீர் முழுவதையும் இறைத்து, குழாய் குழாயாகக் கழுவ வேண்டியிருந்தது என்பதும், அந்தச் சோதனையை முதலிலிருந்து தொடங்க அவர் அந்தத் தொழிற்சாலைக்காரர்களிடம் கெஞ்சினார் என்பதும் எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும். மதுரை ஆபரேஷனில் பெரியப்பாவின் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விட்டுக்கொண்டு இன்னும் பல வருஷம் நன்றாகவே இருந்தார். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டுவார். குரல் போகப்போவது அன்றைக்கு அந்தக் கூடத்தில் நின்ற பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருக்கும்தான்.

எனக்குத் தெரியாது. அன்றைக்கு, மெயினருவி என்று சொன்ன கையோடு, அருவிக்கடியில் நின்றபடி அவர் கத்தத் தொடங்கினார். குற்றாலத்தில் குளிக்கிற எல்லோரும் கத்துவதுதான். ஆனால் அவர் ஆட்களின் பேரைச் சொல்லிக் கத்தினார். பெரியம்மாவை, அப்பாவை, அம்மாவை, மாமாவை, ஊரில் இருக்கிறவர்களை, இல்லாதவர்களை, கடைசியில் என்னை. கரகரத்த குரல் தகரக் கூரையில் மோதி மோதித் திரும்பி வந்தது. பெரியம்மா ஏன் இன்னும் “மெதுவா” என்று சொல்லவில்லை என்று அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. எனக்குக் காது வலித்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அவர் எப்போது நிறுத்துவார் என்று காத்திருந்தேன்.