பழுப்பு ஏறிய ஸ்லைடு

எங்கள் தஞ்சாவூர் ஆய்வுக்கூடத்தில் நோயாளிகளை நான் பார்ப்பது அபூர்வம். அவர்களுடைய சதைத் துண்டுதான் பாட்டிலில் வரும். அன்று பாட்டிலோடு ஒரு பெண்ணும் வந்து நின்றார். பட்டுக்கோட்டையில் அவர் கணவரின் வயிற்றுக் கட்டியை வெட்டியெடுத்து, கெடாமலிருக்க ஃபார்மலினில் போட்டு, எங்களிடம் கொண்டுவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சீட்டில் இருந்த ஆபரேஷன் தேதியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“இத்தனை நாள் எங்கம்மா வச்சிருந்தீங்க?”

“நெல் குதிருக்குள்ளங்க. குத்தகை நிலத்துல கேஸ் நடக்குது. ஆட்சி மாறி மாறி வருது, கேஸ் மட்டும் மாறலை. நாங்க நகர்ந்தா எதிராளிங்க வந்து அறுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. அறுப்ப முடிச்சுட்டுத்தான் பஸ் ஏறுனேன். குத்தகைப் பதிவு அவரு பேர்ல இருக்குங்க. அவரு போயிட்டா எங்கள லேசா வெரட்டிடுவாங்க.”

திட்டுவதை விட்டுவிட்டு பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.

கட்டி ஏற்கெனவே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. இந்த வகையறாக் கட்டிகள் சாதாரணச் சாயத்தில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். அவற்றில் ஒரு வகையை மட்டும் வருஷக்கணக்கில் பிடித்து நிறுத்த ஒரு மாத்திரை அப்போதுதான் வந்திருந்தது. மற்ற வகைகளுக்குக் கொடுக்க எங்களிடம் உருப்படியாக ஒன்றும் இல்லை. தனிச் சாயம் போட்டு, கட்டியில் பழுப்பு ஏறினால் அது மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை.

ஏறவில்லை. ஸ்லைடு வெளுத்துக் கிடந்தது.

“நெகட்டிவ்னு எழுதிடும்மா” என்றார் எங்கள் துறைத் தலைவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுபடி நுண்ணோக்கியில் தேடினேன். யாருடைய வயிற்றிலும் மாஸ்ட் செல்கள் என்று அங்கங்கே சில இருக்கும். கட்டி எந்த வகையானாலும் அவை இந்தச் சாயத்தில் பழுப்பேறியே ஆகவேண்டும். இங்கே அவையும் வெளுத்திருந்தன!

“சார், மாஸ்ட் செல்லே ஏறலை. சாயம்தான் தோத்திருக்கு. ஃபார்மலின்ல அதிக நாள் கிடந்து சதை இறுகிப்போச்சு.”

“அப்ப என்ன செய்யப்போறே?”

“இன்னும் நல்லா வேகவைப்பேன்.”

விளையாட்டில்லை. சாயம் உள்ளே பிடிக்க, ஸ்லைடை மருந்துநீரில் மூழ்கவைத்து பிரஷர் குக்கரில்தான் வேகவைப்போம். இந்த முறை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் வைத்தேன். அளவு மிஞ்சினால் கண்டதெல்லாம் பழுப்பாகிக் காரியம் கெட்டுவிடும். முடிவு கேட்க வந்து வெளியே உட்கார்ந்திருந்த அந்தப் பெண், விசில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

“சோறா ஆக்குறீங்க?”

“உங்க வீட்டுக்காரர் கட்டியத்தான் வேகவைக்கிறேன்” என்றேன். பாவம், சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

சாயம் போட்டு முடித்து மறுபடி பார்த்தேன். மாஸ்ட் செல்கள் பழுப்பேறியிருந்தன. பக்கத்தில் கட்டி முழுக்க அதே பழுப்பு. வயிற்றுத் தசையில் மட்டும் துளி நிறமில்லை. ஆக, வேக்காடும் மிஞ்சவில்லை. “சார்!” என்று நான் போட்ட கூச்சலில் தலைவர் ஓடிவந்தார். வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, “நீ ஜெயிச்சுட்டேம்மா” என்றார். எனக்குக் கர்வத்தில் தலைகால் புரியவில்லை. கர்வம் வரட்டுமே, அன்றைக்கு வராமல் வேறு என்றைக்கு வருவது?

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் என் கையை ஒருதரம் அழுத்திவிட்டு, நேரே வாசலில் இருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடினார். அவர் போட்ட சத்தம் எங்கள் மாடிவரை கேட்டது.

“யோவ், உனக்கு மாத்திரை இருக்காம்யா! வக்கீலுகிட்ட சொல்லு, எதிராளிங்க எத்தனை வாய்தா வேணா வாங்கட்டும். அத்தனைக்கும் நீயே வருவேன்னு சொல்லு!”