ஓடும்போதே பிடுங்குகிறவர்

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷௌக்கி ஒரு ஹார்ட் டிஸ்கின் வயரைப் பிடுங்கிவிட்டார். வாங்க வந்த பல் மருத்துவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். திரையில் அவர் மகளின் கல்யாண வீடியோ தடைபடாமல் ஓடியது. அதே வீடியோ பதிந்திருந்த இரண்டாவது டிஸ்க் தாங்கிக்கொண்டது. "நீங்க பிடுங்காத பல்லா, டாக்டர்? மத்தது மெல்லுது பாருங்க," என்றார் ஷௌக்கி.

அலெக்சாண்டிரியாவில், ஸ்மூஹா பக்கம், ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் அவர் கடை. திருகுகள் அல்வா டப்பாவில், வயர்கள் ஆணியில். பேச்சு எந்நேரமும் வாயில், அதற்கு நடுவே வறுத்த தர்பூசணி விதையும்.

வீட்டுக் கணினிக்கு இரட்டை டிஸ்க் கேட்டால், ஒரே பெட்டியில் வந்த இரண்டை அவர் தருவதில்லை. கூடப் பிறந்தவை ஒன்றாகவே படுத்துவிடும் என்பது அவர் கட்சி. ஒன்று தன் கடையிலிருந்து, மற்றது எதிர்க்கடை நஸீமிடமிருந்து. நஸீமோடு அவருக்குப் பேச்சு கிடையாது. காப்பிக்கடைக்காரர்தான் தட்டில் கோப்பையோடு டிஸ்கையும் வைத்துக் கொண்டுவருவார்.

இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில், கண்ணாடி போல, எல்லாம் பதிந்தால் போதாதா என்று ஒரு போட்டோகிராபர் வாதாடினார். ஷௌக்கி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீ மீசையை எடுத்துட்டா, கண்ணாடிக்குள்ள இருக்கறவன் மட்டும் மீசையோட நிப்பானா?"

தெரியாமல் அழித்தால் இரண்டிலும் அழியும். ஆகவே மூன்றாவது பிரதி வேண்டும், அதுவும் வேறு வீட்டில். யார் வீட்டில் என்றார் போட்டோகிராபர்.

"பேச்சு விட்டுப்போன சொந்தக்காரன் வீட்ல. அவன்தான் எடுத்து நோண்டமாட்டான்."

நான் நெட்வொர்க் பொறியாளர். இதெல்லாம் தெரியும். ஆனால் போன மாதம் அம்மா இறந்தார். அவர் அனுப்பிய குரல் செய்திகள் எல்லாம் ஒரே ஒரு பழைய டிஸ்கில் இருந்தன. அது டிக் டிக் என்று தட்டத் தொடங்கியிருந்தது; சீக்கிரம் நின்றுபோகும் என்று அர்த்தம். நகலெடுக்க இரண்டு முறை உட்கார்ந்து, தொடங்காமலே எழுந்துவிட்டேன். ஷௌக்கியின் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தேன். உள்ளே என்ன என்று கேட்டார். அம்மாவின் குரல் என்றேன். வேறு பிரதி இருக்கிறதா என்றார். இல்லை என்றேன்.

டிஸ்கைக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு பாலித்தீன் உறையில் போட்டு, மேலே ஈரத்துணி சுற்றி, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி, நகலெடுக்கத் தொடங்கினார். பாதியில் அது நின்றது. ஆறவிட்டு மறுபடி ஓட்டினார். மறுபடியும் நின்றது. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் டிஸ்கிடம் அவர் பேசும் குரல், மினிபஸ் கண்டக்டர் மாதிரி: "அவசரப்பட்டுக் குதிச்சிடாத, இறங்கற இடம் வந்துடுச்சு."

அந்தி சாயும்போது கடைசி ஃபைலும் வந்து சேர்ந்தது. பழைய டிஸ்க் அதன்பின் சுழலவே இல்லை.

"இஞ்சினியரம்மா, ஒண்ணு போட்டுப் பார்த்துடலாமா?"

தலையசைத்தேன். அம்மா எந்தச் செய்தியையும் யார் வீட்டுக்குள்ளோ நுழைவதுபோல ஸலாம் சொல்லித்தான் தொடங்குவார். பதிலுக்குச் சற்று இடமும் விடுவார். "அஸ்ஸலாமு அலைக்கும்," என்றது ஸ்பீக்கர்.

ஷௌக்கி எழுந்து நின்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"வ அலைக்கும் ஸலாம், அம்மா," என்றார் ஸ்பீக்கரைப் பார்த்து.