தெற்குப் பிரகாரத்தின் நீளம்

தட்... தட்... தட்...

குமரகுருபரன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து. இரண்டு உள்ளங்கைகளாலும். கனத்த தேக்குக் கதவு, வெளியே தாழ்ப்பாள். மணி பகல் 1.27. கதவுக்கு அந்தப் பக்கம் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

இந்தப் பக்கம், அவர் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் எதுவுமே இல்லை.

அதற்குத்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

இது நடந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் ஒரு சிவன் கோயில். பெயர் வேண்டாம். கீழே வருகிற நிமிஷக் கணக்கெல்லாம் குமரகுருபரன் அன்றைக்குத் தன் சட்டைப்பை நோட்டில் எழுதியது. கேட்டவர்களுக்கு அந்த நோட்டைக் காட்டுகிறார். யாரும் அதைக் கையில் வாங்கிப் பார்ப்பதில்லை.

குமரகுருபரனுக்கு வயது நாற்பத்தாறு. வீடு பாளையங்கோட்டை. ஒரு கட்டிடம் நிற்குமா, விழுமா என்று ஆராய்ந்து எழுதிக் கொடுக்கிற இன்ஜினியர். லீவு கிடைத்தால் பழைய கோயில்களுக்குப் போய்விடுவார். சந்நிதியில் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். இவர் கண்ணைத் திறந்துகொண்டு தூணருகே நிற்பார். சிமென்ட் இல்லை, கம்பி இல்லை. கூரையின் பாரம் உத்திரத்துக்கு வந்து, உத்திரத்திலிருந்து தூணுக்கு இறங்கி, வழி தவறாமல் பூமிக்குள் போய்ச் சேருகிறது. ஆயிரம் வருஷமாக, ஒரு நொடி ஓய்வில்லாமல். அதைப் பார்க்கிறபோது அவர் கை தானாகத் தூணைத் தொடும். அவருடைய சாமி கும்பிடல் அவ்வளவுதான்.

அந்தக் கோயிலில் தெற்குப் பிரகாரம் முப்பத்து மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. நீளமான கல் தாழ்வாரம். ஜன்னல் கிடையாது. ஒரு முனையில் கதவு, மறுமுனையில் சுவர். வெள்ளிக்கிழமை கும்பாபிஷேகம். இந்த வழியையும் திறந்துவிட்டால்தான் கூட்டத்தைச் சமாளிக்க முடியும். திறக்கலாமா, கூடாதா? புதன்கிழமை மாலை நான்கு மணிக்குள் குமரகுருபரன் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும்.

'கூடாது' என்று எழுதினால் கல் கூரையை இடித்துக் கான்கிரீட் போட்டுவிடுவார்கள். 'திறக்கலாம்' என்று தவறாக எழுதிவிட்டால், மூவாயிரம் தலைகளுக்கு மேல் ஒவ்வொன்றும் இரண்டு டன் எடையுள்ள மூடுகற்கள், கூரையாகப் பரப்பிய கல் பலகைகள்.

புதன்கிழமை பகல் 12.40. நடை சாத்தியாகிவிட்டது. பிரகாரத்துக் கதவுக்கு எதிரே, நிழலில், காண்டிராக்டர் அப்பாத்துரை இலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். இடிக்கிற வேலையும் கான்கிரீட் வேலையும் அவருக்குத்தான் வரும். பக்கத்தில் காஜா முகைதீன். மேலப்பாளையத்துக்காரர். கோபுரத்துக்குச் சாரம் கட்ட வந்தவர்.

"என்ன சார், கல்லுகிட்ட பேசப் போறியளாக்கும்?" என்றார் அப்பாத்துரை.

"ஆமா அண்ணாச்சி. நீங்க எப்ப இடிக்க வாரியன்னு அது கேட்டுக்கிட்டே இருக்கு."

காஜா முகைதீனுக்குப் புரையேறியது.

"சிரிலே, சிரி. நான் நல்லதுக்குத்தான் சொல்லுதேன். சாருக்குக் கல்லு மேல ஆசை. ஆசைப்பட்டவங்களுக்கு விரிசல் கண்ணுல படாது." அப்பாத்துரை ஒரு கவளம் உருட்டினார். "உள்ள பாத்துப் போங்க."

அந்தக் கடைசி வார்த்தை குமரகுருபரனுக்குப் பிடிக்கவில்லை. சாவிக்காக மூன்று வாரம் அலைந்தாயிற்று. கோயில் செயல் அலுவலர் சங்கரியிடம் எப்போது கேட்டாலும் "தேடுதோம் சார்" என்றுதான் பதில். இன்று காலைதான் கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

"காஜா, நான் உள்ள போனதும் வெளிய தாழ் போட்டுக்கிடும். வேலைக்காரங்க யாரும் குறுக்க வந்துரக் கூடாது."

"சரி சார். தட்டுனா தொறக்கேன்."

உள்ளே குளிர்ந்தது. டார்ச்சை அடித்தார். அழகு என்றால் அப்படியோர் அழகு. இரண்டு பக்கமும் தூண்கள், நூல் பிடித்த மாதிரி. ஒவ்வொரு தூணின் தலையிலும் பூ விரிந்து கூரையைத் தாங்கியது. வாசலில் நின்றபடியே ஒரு கணம் கையெடுத்துக் கும்பிட்டார்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த இருட்டில் ஒரு வௌவால் கூட இல்லை.

இன்னொன்று. ஒட்டடை கூரையில்தான் தொங்கியது. ஆள் உயரத்துக்குக் கீழே ஒரு நூல் கூட இல்லை. தினமும் யாரோ நடக்கிற வழி மாதிரி.

தரையில் தூசு. கால் தடம் கிடையாது. ஆனால் நடுவில், மறுமுனையிலிருந்து கதவு வரைக்கும், மெல்லிசாக ஒரே ஒரு கோடு. எதையோ தரையோடு இழுத்த மாதிரி.

'அப்பாத்துரை ஏற்கெனவே உள்ளே வந்து போயிருக்கிறார்' என்று நினைத்துக்கொண்டார்.

கதவை ஒட்டிய தூணோடு சேர்த்து மஞ்சள் நிற லேசர் மீட்டரைப் பிடித்தார். உள்ளங்கை அளவுக் கருவி. பட்டனை அழுத்தினால் சிவப்புப் புள்ளி ஒன்று எதிர்ச் சுவரில் போய் விழும். தூரம் திரையில் வரும்.

12.52. 31.39 மீட்டர்.

பழைய வரைபடத்தில் 103 அடி. சரியாகப் பொருந்தியது. மூடுகற்களை ஒவ்வொன்றாகக் கீழிருந்து பார்த்துக்கொண்டே மறுமுனை வரை போனார். கையிலிருந்த கழியால் தட்டினார். எல்லாம் மணி மாதிரி கணீரென்றன. திரும்பி வரும்போதே மனசுக்குள் கடிதம் எழுதிவிட்டார்: திறக்கலாம்.

எந்த நீளத்தையும் மூன்று தடவை அளப்பது அவர் பழக்கம். கதவருகே வந்து மறுபடி பட்டனை அழுத்தினார்.

1.02. 19.51.

பூச்சி ஏதாவது குறுக்கே பறந்திருக்கும். இன்னொரு தடவை அழுத்தினார்.

1.04. 19.51.

டார்ச்சை அடித்தார். வெறும் தாழ்வாரம். கடைசிச் சுவரில் சிவப்புப் புள்ளியைத் தேடினார்.

புள்ளி இல்லை.

ஒளி வழியில் எங்கேயோ நின்றுபோயிருந்தது. எதன் மேல் என்றுதான் தெரியவில்லை. கறுப்பு நூலில் ஏதாவது கட்டித் தொங்கவிட்டிருப்பார்களோ? 'சாரைப் பயமுறுத்தி அனுப்பிட்டா வேலை முடிஞ்சுது' என்கிற கணக்காக இருக்கும். குமரகுருபரனுக்குக் கோபம்தான் வந்தது. கையை முன்னால் துழாவிக்கொண்டே கடைசிச் சுவர் வரை நடந்தார். சுவரைத் தொட்டார். ஒன்றும் தடுக்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும், பாதியைத் தாண்டியபின், கை விரல்கள் சில்லென்றன. ஆற்றுக் காற்றாக இருக்கும்.

ஆனால் உள்ளே காற்று வர வழியில்லை.

திரும்பி வந்து அழுத்தினார்.

1.14. 12.80.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

சர்ர்ர்ர்... க்ளிக்.

வேலைத்தளத்தில் இருபது வருஷம் கேட்ட சத்தம். இரும்பு டேப்பைச் சுருட்டுகிற சத்தம்.

"அண்ணாச்சி..." என்றார் குமரகுருபரன். "வெளாட்டு போதும். வெளிய வாங்க."

பட்டனை அழுத்தினார்.

1.19. 7.01.

டார்ச் வெளிச்சத்தில் தூசு மிதந்தது. ஒரு இடத்தில் மட்டும் மிதக்கவில்லை. அங்கே ஒரு ஆள் அகலத்துக்குத் தூசு ஒதுங்கி நின்றது.

சர்ர்ர்ர்... க்ளிக்.

1.22. 3.66.

ஓட வேண்டும் என்று தோன்றியது. கால் வரவில்லை. கட்டைவிரல் மட்டும் பட்டனை அழுத்தியது... எழுதியது... அழுத்தியது...

1.24. 1.83.

பழைய காகித வாசனை. சுண்ணாம்பு வாசனை.

சர்ர்... க்ளிக்.

1.25. 0.91.

குரல்.

காதுக்குப் பக்கத்தில். ஆபீஸில் கேட்கிற மாதிரி சாதாரணமான குரல்.

"தள்ளி நில்லுங்க."

லேசர் மீட்டர் கையிலிருந்து விழுந்து அங்கேயே கிடந்தது.

கதவு.

தட்... தட்... தட்...

காஜா முகைதீன் தாழை நீக்கியதும் குமரகுருபரன் வெயிலில் வந்து விழுந்தார். எதிரே அப்பாத்துரை இலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், கல்லு பதில் சொல்லிட்டோ?"

"உள்ள ஆரை அனுப்புனிய?"

"நான் ஆரை அனுப்ப? ஒரே கதவு. அதுக்கு முன்னாலதான உக்காந்துருக்கேன்."

"ஆமா சார்," என்றார் காஜா முகைதீன். "அண்ணாச்சி எந்திரிக்கவே இல்ல. ரெண்டாந் தடவை ரசம் கேட்டாவ, நான்தான் ஊத்துனேன். பாத்துக்கிட்டேதான் இருந்தேன்." கதவைத் திரும்பிப் பார்த்தார். "உள்ள ஆரோ டேப்பு சுத்துன மாரி கேட்டுச்சு. நீங்கதான்னு நெனைச்சேன்."

குமரகுருபரனிடம் இருந்தது லேசர் மட்டும்தான்.

ஆனால் மனிதரின் புத்தி எப்படிப் போகிறது பாருங்கள். மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்ததும் பயம் இறங்கியது, சந்தேகம் ஏறியது. காஜாவையும் சேர்த்துக்கொண்டுதான் நாடகம் போடுகிறார்கள். ஏதாவது ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள். இதற்கு மிரண்டு 'கூடாது' என்று எழுதினால் கும்பாபிஷேகம் முடிந்ததும் கூரையை உடைப்பார்கள். விடக்கூடாது.

3.35க்கு செயல் அலுவலரின் அறைக்குப் போனார். சங்கரி கடிதத்தைத் தயாராகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். *தெற்குப் பிரகாரம் பக்தர்கள் செல்ல ஏற்றது.* கீழே கையெழுத்துக்கு இடம்.

குமரகுருபரன் பேனாவைத் திறந்தார்.

"சார்," என்றார் சங்கரி. "உள்ள... ஒண்ணும் இல்லல்லா?"

பேனா நின்றது.

"மேடம், நீங்க எதையோ மறைக்கிய. சாவிய மூணு வாரம் கழிச்சுத்தான் குடுத்திய. ஏன்?"

சங்கரி எழுந்து இரும்பு அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தார். சிவப்புத் துணி அட்டை. இன்ஜினியர்கள் அளந்ததை அந்தந்த இடத்திலேயே எழுதுகிற எம்-புக்.

"சொன்னா நீங்க உள்ள போக மாட்டியன்னு நெனைச்சேன். தப்புதான். தொண்ணூத்தி ஒண்ணுல பூதலிங்கம்னு ஒரு இன்ஜினியர் அந்தப் பிரகாரத்தை அளக்க வந்தாவ. ஒத்தையாத்தான் உள்ள போனாவ. வெளிய தாழ் போடச் சொல்லிட்டு. மூணு மணிக்குத் தொறந்து பாத்தா ஆளு இல்ல."

"இல்லன்னா?"

"இல்ல சார். போலீஸ் வந்து தேடுச்சு. இந்த நோட்டு மட்டும் கதவுக்கு உள்பக்கம் கெடந்துச்சாம். அன்னைக்குப் பூட்டுனதுதான்."

குமரகுருபரன் நோட்டைத் திறந்தார். கடைசியாக எழுதிய பக்கம். நீல மை, திருத்தமான கையெழுத்து. இடது பக்கம் நேரம். வலது பக்கம் அளவு.

12.52 — 103 அடி.
1.02 — 64 அடி.
1.04 — 64 அடி.
1.14 — 42 அடி.

சட்டைப்பையிலிருந்து தன் நோட்டை எடுத்தார். கைபேசியில் மீட்டரை அடியாக மாற்றினார். 19.51, அறுபத்து நான்கு அடி. 12.80, நாற்பத்திரண்டு. 7.01, இருபத்து மூன்று. 3.66, பன்னிரண்டு. 1.83, ஆறு.

மீதி வரிகளும் அப்படியே. நிமிஷம் கூட மாறவில்லை.

1.25 — 3 அடி.

அதற்குப் பக்கத்தில், குறிப்பு எழுதுகிற கட்டத்தில், அவசரமாக:

*கதவுப் பக்கம் ஒருவர் நிற்கிறார். கையில் மஞ்சள் நிறத்தில் சிறிய பெட்டி. அதிலிருந்து சிவப்பு வெளிச்சம் வருகிறது. கூப்பிட்டால் கேட்கவில்லை. டேப்பைப் பிடித்தபடி அவரை நோக்கிப் போகிறேன். கதவை ஒட்டிய முதல் மூடுகல் மேற்புறம் பிளந்துவிட்டது, கீழிருந்து தெரியாது; காலையில் மேலே ஏறிப் பார்த்தேன். அவர் அதற்கு நேர் கீழே நிற்கிறார். தள்ளி நிற்கச் சொன்னேன்.*

குமரகுருபரன் பிரகாரத்து வாசலுக்கு ஓடினார். "காஜா... பிரகாரத்து மேல ஏறும். கதவுக்கு மேல உள்ள மொதக் கல்லு. ஓரமா நின்னு பாரும், மிதிச்சுராதீரும்."

3.48. மேலேயிருந்து காஜா முகைதீனின் குரல் பைய வந்தது.

"சார்... செடி மூடிக் கெடக்கு. வெலக்கிப் பாத்தேன். இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் பொளந்துருக்கு. என் கையே உள்ள போகுது."

அப்பாத்துரை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

குமரகுருபரன் அறைக்குத் திரும்பி வந்து அந்தக் கடிதத்தை நான்காகக் கிழித்தார். வேறு தாளில், கையாலேயே எழுதினார்: திறக்க வேண்டாம், முட்டுக் கொடுத்து அந்த ஒரு கல்லை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதைத் தொடக்கூடாது. கையெழுத்துப் போட்டார். மணி 3.57.

எம்-புக்கை மூடப் போனார்.

"சார்," என்றார் சங்கரி. "இந்தப் பக்கத்தைப் புத்தி பேதலிச்சு எழுதுனதுன்னு அப்பவே விட்டுட்டாவ. பின்பக்கம் இன்னொரு வரி இருக்கு. அதுக்குத்தான் அலமாரியில பூட்டி வச்சிருக்கோம். போலீசுக்கும் அர்த்தம் புரியல."

புரட்டினார். அதே நீல மை. இந்தத் தடவை எழுத்து கோணல் மாணலாக, கீழே இறங்கிக்கொண்டே போயிருந்தது.

*1.27 — கதவைத் தட்டினோம். அவருக்குத் திறந்தார்கள்.*